விறைப்புக் குறைபாட்டு மாத்திரைகள்: தேர்வின் அடிப்படை வீரியமா, கால அளவா?

விறைப்புக் குறைபாட்டுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சில்டெனஃபில், வர்டெனஃபில், டடாலஃபில், அவனஃபில் ஆகிய நான்கும் ஒரே நொதியைத் தடுக்கும் மாத்திரைகள். பாலுணர்வு தூண்டப்படும்போது ஆண்குறியின் நரம்பு முனைகளிலும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அதன் விளைவாகச் சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருள் பெருகி, தசை தளர்ந்து, இரத்தம் நிறைகிறது. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ்-5 நொதியை இம்மருந்துகள் தடுக்கின்றன. தூண்டல் இல்லாதபோது சைக்ளிக் ஜிஎம்பி பெருகுவதில்லை. ஆகவே இவை இச்சையை எழுப்புவதுமில்லை, தாமாக விறைப்பை உண்டாக்குவதுமில்லை.

உரிய அளவில் தரப்படும்போது நான்கின் பலனிலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. மில்லிகிராம் எண்களை வைத்து வீரியத்தை எடைபோடுவதும் பிழை. டடாலஃபிலின் உச்ச அளவு 20 மி.கி., சில்டெனஃபிலின் உச்ச அளவு 100 மி.கி. என்பதால் முன்னது வலுக்குறைந்தது ஆகிவிடாது. உண்மையான வேறுபாடு, மருந்து எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் உடலில் தங்குகிறது என்பதில்தான் இருக்கிறது.

1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சில்டெனஃபிலை உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும். அதன் அரை ஆயுட்காலம், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஏறத்தாழ 4 மணி. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் உட்கொண்டால் அது உறிஞ்சப்படுவது தாமதமாகும். வர்டெனஃபிலும் பெரும்பாலும் இவ்வாறே. அவனஃபில் இவற்றைவிட விரைவாக, 15 முதல் 30 நிமிடங்களில் பலன் தரக்கூடியது. டடாலஃபிலின் அரை ஆயுட்காலம் 17.5 மணி நேரம். பலன் 36 மணி நேரம் வரை நீடிக்கலாம். உணவு அதைப் பாதிப்பதில்லை. நாள்தோறும் 5 மி.கி. என்ற முறையில் எடுத்தால் நேரம் பார்க்கும் தேவையே நீங்குகிறது. புரோஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கும் அதே அளவு பயன்படுகிறது.

நீண்ட நேரம் தங்குவது எப்போதும் நன்மையன்று. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்துகளோடு இந்நான்கில் எதைச் சேர்த்தாலும் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். சில்டெனஃபில் எடுத்தவருக்கு நைட்ரேட் தர 24 மணி நேரமும், டடாலஃபில் எடுத்தவருக்கு 48 மணி நேரமும் கடந்திருக்க வேண்டும்.

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு ஆகியவை இம்மருந்துகளுக்குப் பொதுவான பக்கவிளைவுகள். விழித்திரையில் உள்ள பாஸ்போடைஎஸ்டரேஸ்-6 நொதியையும் ஓரளவு தடுப்பதால் சில்டெனஃபில் சிலருக்குப் பார்வையில் நீலச்சாயல் தருகிறது. டடாலஃபில் சிலருக்கு முதுகுவலியும் தசைவலியும் தருகிறது. இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளி நீண்டவர்கள் வர்டெனஃபிலைத் தவிர்க்க வேண்டும்.

ஆகவே மருத்துவர் முதலில் நைட்ரேட் பயன்பாட்டையும், ஆல்ஃபா தடுப்பிகள் போன்ற பிற மருந்துகளையும், இதயநிலையையும் அறிய வேண்டும். உறவு எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு திட்டமிட்டு நிகழ்கிறது என்பதை அதன் பின் கேட்க வேண்டும். எப்போதாவது தேவைப்படுபவருக்குக் குறுகிய கால மருந்து போதும். அடிக்கடி தேவைப்படுபவருக்கு டடாலஃபில் பொருந்தும். பலன் இல்லையென்றால் மருந்தை மாற்றுமுன் அளவு, உணவு, தூண்டல் ஆகியவற்றைச் சரிபார்ப்பது முறை. அதன் பின்னரும் பலனில்லாதவர்களுக்கு ஆண்குறியில் செலுத்தும் அல்ப்ராஸ்டடில் ஊசி போன்ற வழிகள் உண்டு. எந்த மருந்தைத் தேர்ந்தாலும் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்கான சோதனை உடன் நடக்க வேண்டும். இக்குறைபாடு பலரிடம் அந்நோய்களின் முன்னறிகுறியாகவே தோன்றுகிறது.