சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்கள்

திம்புள்ளப் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுவோர் கோப்பிப் பயிர் அழிந்ததையும் தேயிலை தழைத்ததையும் விரிவாகக் கூறுவர். அங்கு வாழ்ந்த பெண்கள் நோயுற்றபோது எவ்வாறு காத்திருந்தனர் என்பதை எழுதியோர் மிகச் சிலரே. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 1885இல் புகையிரதம் நானுஓயாவரை ஏறிற்று. எனினும் லயத்துப் பெண்ணொருத்தி தன் மார்பில் தட்டுப்பட்ட கட்டியைத் தோட்டத்து மருந்தகத்திற் காட்டி, அங்கிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ சென்று, அது புற்றுநோயே என அறிந்த பின்னர், சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாள்வரை மீண்டும் மலையேறி வந்து வீட்டிலே காத்திருக்கிறாள். இந்த இடைக்காலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பாரிஸ் நகரத்து வீடொன்றிலே மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ளது.

இங்கிலாந்தின் நாவலாசிரியை ஃபானி பர்னி, நெப்போலியன் காலத்துப் பாரிஸிற் கணவருடன் வாழ்ந்து வந்தார். 1810 ஆகஸ்டில் அவர் மார்பில் நோவு கண்டது. அது வளர்ந்து வரவே, நெப்போலியனின் படைச் சத்திர வைத்தியரான லறே முதலியோர் கூடி ஆராய்ந்து, மார்பை அகற்றுவதே வழி என்று முடிவு செய்தனர். நாள் முன்கூட்டிக் குறிக்கப்படவில்லை. சில மணி நேரத்துக்கு முன்னர் மாத்திரம் அறிவிப்பதென்று ஏற்பாடு. அழைப்பு எக்கணமும் வரலாம் என்ற நிலையில் மூன்று வாரங்கள் கழிந்தன. 1811 செப்டெம்பர் 30ஆம் நாள் காலையிற் கடிதம் வந்து சேர்ந்தது. தமது வேதனையைக் கணவர் காணலாகாது என்று கருதிய அம்மாது, அவர் அலுவலின் பொருட்டு வெளியிலே நிற்கும்படி தாமே வழி செய்தார். நோயுற்றவளே வீட்டாரின் மனத்தையும் காக்க வேண்டியிருந்தது. இது பாரிஸுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று.

வைத்தியர் ஒருவர் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னர் வர இயலாதெனச் சொல்லியனுப்பினார். எனவே மேலும் சில மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. கூடத்துள் நுழைந்த பர்னி, அங்கே குவிந்திருந்த கட்டுத் துணிகளையும் கடற்பஞ்சுகளையும் கண்டு கலங்கினார். பின்னர் உணர்வு மரத்துப் போகும்வரை அங்குமிங்கும் நடந்தார். கணவருக்கும் மகனுக்குமாகச் சில வரிகள் எழுதி வைத்தார். மயக்க மருந்து ஐரோப்பாவில் இல்லாத காலம். அவருக்குக் குடிக்கக் கிடைத்தது சிறிதளவு மதுவே. சத்திரசிகிச்சை ஏறத்தாழ இருபது நிமிடம் நீடித்தது. அடுத்த ஆண்டில் இவையனைத்தையும் தமக்கை எஸ்தருக்குக் கடிதமாக எழுதினார். எழுதி முடிக்க மாதங்கள் சென்றன. 1840இல், 87ஆம் வயதிலேதான் அவர் இறந்தார். அச்சத்தால் நடுங்கியவர் துணிவற்றவர் என்று கொள்வது எத்துணைத் தவறு என்பதற்கு அக்கடிதமே சான்று.

ஜப்பானில் ஹனஒக்கா சேய்ஷு என்ற வைத்தியர், 1804ஆம் ஆண்டிலேயே மூலிகை மருந்தினால் மயக்கி, 60 வயது மாதொருவரின் மார்பிலிருந்து புற்றுக்கட்டியை அகற்றியிருந்தார். அந்நாடு கதவடைத்திருந்த காலமாதலின் பாரிஸ் அதனை அறியவில்லை. மேனாட்டிலே ஈதர் 1846இலும் குளோரபோம் 1847இலும் வழக்குக்கு வந்த பின்னரே கத்தியின் வேதனை நீங்கிற்று.

அதன் பின்னர் வேறொரு துயரம் தோன்றிற்று. அமெரிக்கச் சத்திர வைத்தியர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே நீக்கும் முறையை 1894இல் விரிவாக வெளியிட்டார். அது நெடுங்காலம் ஆட்சி செலுத்திற்று. இருபதாம் நூற்றாண்டிற் பல வைத்தியசாலைகளில், பெண் மயங்கிக் கிடக்கும்போதே கட்டியின் சிறு துண்டை உறையவைத்துச் சோதிப்பர். புற்றுநோயென்று கண்டால் அப்பொழுதே மார்பகத்தை அகற்றுவர். கண் விழித்துத் தொட்டுப் பார்த்தே அவள் தன் நோயை அறிவாள். காத்திருக்கும் வேதனை அவளுக்கு இல்லை. சிந்திக்கும் அவகாசமும் இல்லை.

1974 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெற்றி போர்ட் அம்முறையிலேயே சிகிச்சை பெற்றார். முதல்நாள் அவர் வெள்ளை மாளிகையில் விருந்தினருக்குத் தேநீர் அளித்து, தம் நிலையை வெளியிடாமலே மாலையில் வைத்தியசாலை சென்றார். அதே ஆண்டில் பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர், சோதனையை மாத்திரம் முதலிற் செய்யுங்கள், முடிவை அறிந்தபின் தாமே தீர்மானிப்பதாகக் கூறினார். பல சத்திர வைத்தியர்கள் மறுத்தனர், அவர் தளரவில்லை. சோதனையும் சத்திரசிகிச்சையும் தனித்தனியே நடைபெற வேண்டுமென 1979இல் அமெரிக்க வைத்திய அறிஞர் மாநாடு பரிந்துரைத்தது. இன்று பெண்கள் நொந்துகொள்ளும் அந்த இடைவெளி, ஒரு காலத்திற் போராடிப் பெறப்பட்டது.

திம்புள்ளவிலே அதனை எதற்குப் பயன்படுத்தலாம்? மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டுமா, கட்டியை மாத்திரம் நீக்கினாற் போதுமா என்று கேட்கலாம். கொழுந்து பறிப்பவள் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி கையைப் பற்றியது. அக்குட் கணுக்களை அகற்றியபின் சிலருக்குக் கை வீங்குவதுண்டு. இரு கைகளாலும் பறித்துப் பாரஞ் சுமப்பவளுக்கு அது பிழைப்பைப் பற்றிய செய்தி. எப்பொழுது வேலைக்குத் திரும்பலாம், கைக்கு என்ன பயிற்சி வேண்டும், அதுவரை கூடையை யார் சுமப்பது என்பனவற்றைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் எழுதி எடுத்துச் செல்வது நன்று. சிலருக்கு மனத்தை அமைதிப்படுத்துவது மலையிற் பறிக்கும் வேலையே. சிலருக்கு அயல் லயத்து அக்காளிடம் ஒருமுறை அழுவது.

அரசினர் வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ் செலவும் இழந்த நாட்சம்பளமும் உண்டு. சோதனைகளுக்கும் உடலைத் தயார் செய்வதற்கும் சில வாரங்கள் செல்வது வழக்கம். அது மாதக்கணக்கில் நீள்வதுதான் தீங்கு. கொழுந்து நிறைந்த பருவமென்று குறித்த நாளைத் தானே தள்ளிவைப்பவளுக்கும், வைத்தியசாலை நாளை மாற்றியதும் வாய்பேசாது திரும்புபவளுக்கும், அடுத்த நாள் எதுவெனக் கேட்டு எழுதி வாங்கிவர உடன் செல்லும் ஒருவர் வேண்டும்.