உடோன் கிண்ணமும் காஞ்சி வழிவந்த ஆசானும்



திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர், அப்பரும் சம்பந்தரும் பாடிய தொண்டை நாட்டுத் தலம். அவ்வூர்க்காரனான எனக்கு ஜப்பான் என்றதும் நெடுநாள் நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். 1998-ஆம் ஆண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலையில் உருவாக்கத் தொடங்கிய லான்சர் கார்! ஜப்பானுக்கும் தொண்டை நாட்டுக்கும் அதைவிட மிகப் பழைய தொடர்பொன்று உண்டு என்பதை ஓர் உணவுக்கடையில் அமர்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

ஷிகொக்குத் தீவின் வடகிழக்கில் அமைந்தது ககாவா மாவட்டம். அதன் பழம்பெயர் சனுகி. கோதுமை மாவு, உப்பு, நீர் என்ற மூன்றே பொருள்களால் ஆன தடித்த நூலுணவாகிய உடோனுக்கு ஜப்பான் முழுதும் புகழ்பெற்ற பகுதி அது. மாவைப் பிசைந்து, துணியால் மூடி, காலால் மிதித்துப் பதப்படுத்துவது அங்குள்ள மரபு. உருட்டிப் பரப்பி, மடித்து, கத்தியால் அரிந்து, கொதிநீரில் வேகவிடுகிறார்கள். நம் இடியாப்பத்தைப் போல அச்சில் பிழிவதில்லை.

மாவட்டத் தலைநகரான தகமட்சுவில் மதிய வேளையில் நாங்கள் நுழைந்த கடையில் நீண்ட வரிசை. தட்டை நாமே எடுத்துக்கொண்டு, எத்தனை உருண்டை வேண்டுமெனச் சொல்லவேண்டும். வெந்த நூல்களைச் சுடுநீரில் ஒருமுறை அமிழ்த்திக் கிண்ணத்தில் இட்டுத் தருகிறார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த காய்களை விருப்பம்போல் எடுத்துக்கொண்டு பணம் செலுத்தியபின், குழாயைத் திறந்து சாற்றையும் நாமே பிடித்துக்கொள்ளலாம். மேலே தூவ வெங்காயத் தாளும் துருவிய இஞ்சியும் உண்டு. அந்தச் சாற்றின் அடிப்படை என்ன தெரியுமா? நம் பழவேற்காட்டுக் கரையில் காயும் நெத்திலிக் கருவாட்டின் நெருங்கிய உறவான இரிகோ! சைவ உணவினர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம். சுற்றிலும் அனைவரும் 'சுர்ர்' என்று உறிஞ்சி உண்டார்கள். நம் வீட்டில் அப்படி உண்டிருந்தால் பாட்டியிடம் குட்டு வாங்கியிருப்போம். அங்கோ அதுவே இயல்பு.

உண்டு முடித்ததும் உடன்வந்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "நெல் விளையும் நாட்டில் கோதுமைக்கு ஏன் இத்தனை சிறப்பு?"

விடை மண்ணிலும் மழையிலும் இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள மலைத்தொடர்கள் மழைமேகத்தைத் தடுத்துவிடுவதால் சனுகி மழை குறைந்த நாடு. பெரிய ஆறுகளும் இல்லை. எனவே அங்குள்ளோர் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குளங்களையும் ஏரிகளையும் வெட்டினார்கள். தேக்கிய நீரில் நெல் விளைந்தது. அறுவடைக்குப்பின் நீர் வடிந்த வயலில் குளிர்காலக் கோதுமை விளைந்தது. கோதுமை, கடலோர உப்பு, உள்நாட்டுக் கடலின் நெத்திலி மூன்றும் சேர்ந்ததே சனுகி உடோன்.

இவ்வேரிகளுள் தலையாயது மன்னோ. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பெற்றதாகக் கருதப்படும் இதன் கரை 818-இல் வெள்ளத்தால் உடைந்தது. சீரமைப்புப் பணி தடைபட்டு நிற்கவே, 821-இல் அரசு ஒரு துறவியை அனுப்பியது. ஏறத்தாழ மூன்றே திங்களில் பணி நிறைவேறியது என்கின்றன வரலாறுகள். அத்துறவியே கூகை. 774-இல் சனுகியில் பிறந்து, 804-இல் சீனம் சென்று, 806-இல் திரும்பி, மந்திர நெறியாகிய சிங்கோன் பௌத்தத்தை ஜப்பானில் நிறுவியவர். உடோனைச் சீனத்திலிருந்து கொணர்ந்தவரும் அவரே என்று சனுகி மக்கள் சொல்கிறார்கள்.

இனித்தான் நமக்கு உரிய செய்தி. கூகைக்குச் சீனத் தலைநகர் சாங்கானில் தீக்கை அளித்தவர் ஹுய்குவோ. ஹுய்குவோவின் ஆசான் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் ஆசான் வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி காஞ்சியில் தங்கியிருந்தவர்! கயிலாயநாதர் கோயிலை எடுப்பித்த இராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், மூன்றாண்டு வறட்சியால் நாடு வாடியபோது, மன்னன் வேண்டுகோளின்படி அவர் மழைக்காக வழிபாடு நிகழ்த்தினார் என்று அவருடைய சீன வரலாறு கூறுகிறது. பின்னர் ஈழம் சென்று கடல்வழியே சீனம் சேர்ந்தார். இன்றும் சிங்கோன் மரபினர் போற்றும் எட்டு ஆசான்களுள் அவரும் ஒருவர்.

இவ்விடத்தில் நம் மனம் துள்ளும். 'உடோன் காஞ்சியிலிருந்து சென்றது!' என்று தலைப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பக் கை பரபரக்கும். அங்கேதான் நிதானம் தேவை, நண்பர்களே. ஆசான் - மாணவர் வரிசை ஆவணங்களால் உறுதிப்பட்டது. ஆனால், கூகை உடோனைக் கொணர்ந்தார் என்பது வாய்மொழி மரபு மட்டுமே. சனுகியில் உடோன் கடைகளுக்குக் கிடைக்கும் பழைய சான்று, ஜென்ரோகு காலத்தில் (1688-1704) வரையப்பெற்ற கொன்பிரா திருவிழா ஓவியத் திரை. கூகைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள்! மரபை மரபென்றும் சான்றைச் சான்றென்றும் பிரித்துச் சொல்லாவிட்டால், உண்மையான தொடர்பையும் எவரும் நம்பமாட்டார்கள். வஜ்ரபோதியின் பெருமைக்கு நாம் நூலுணவைக் கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை.

உண்மையான ஒப்புமை வேறொன்று. வறட்சியைக் கண்ட தொண்டை நாடும் ஏரி வெட்டியது. வறண்ட சனுகியும் ஏரி வெட்டியது. ஏரிப்பட்டியென்றும் ஏரிவாரியமென்றும் நம் கல்வெட்டுகள் பேசுவது இந்த அறிவைத்தான். நமது ஏரிநீர் அரிசியாகி இடியாப்பமாயிற்று. அவர்களது ஏரிநீர் கோதுமையாகி உடோனாயிற்று. இன்று சனுகிக் கடைகளின் மாவில் பெரும்பங்கு ஆஸ்திரேலியக் கோதுமையிலிருந்து வருகிறது. ஆயினும் மன்னோ ஏரி நீர் இன்னும் வயலுக்குப் பாய்கிறது. மதகு திறக்கும் நாள் அங்கே விழாவாகிறது.

எங்கள் பகுதியில் 1944-இல் கட்டிமுடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் தாகம் தீர்க்கிறது. ஆனால், அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த ஊர் ஏரிகளின் பெயர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது உங்கள் ஊர் ஏரிக்கரையில் சற்றே நடந்து பாருங்கள். மதகருகே கல்லொன்று எழுத்தோடு கிடந்தால் படமெடுத்து அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.