தலதா மளுவையில் ஒரு தமிழ்க் கல்

மட்டக்களப்பிலிருந்து மன்னம்பிட்டிப் பாலம் தாண்டிப் பொலன்னறுவைக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பல தடவை கூட்டிப் போயிருக்கிறேன். போய் இறங்கியதும் அவர்கள் கேட்பது சிவன் கோயிலைத்தான். சோழர் காலத்து வானவன் மாதேவி ஈஸ்வரம் அது, முழுக்கக் கல்லால் கட்டியது. இந்த நகரில் குலையாமல் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையதும் அதுவே. லிங்கத்துக்கு இன்றும் யாராவது விளக்கேற்றி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, “இனிப் போவமா சேர்?” என்பார்கள்.

993இல் சோழ மன்னன் ராஜராஜனின் படை அநுராதபுரத்தை அழித்தது. சோழர் பொலன்னறுவையில் தலைநகரை அமைத்து ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தினான். நம்மவர் பேச்சு பெரும்பாலும் அந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. எனக்கு அது பெரிய மனக்குறை. ஏனென்றால் தமிழர் கதை அதோடு முடியவில்லை.

விஜயபாகுவின் படையிலேயே வேளைக்காரர் என்ற தமிழ்க் கூலிப்படையினர் இருந்தார்கள். சோழர் மேல் படையெடுக்கச் சொன்னபோது அவர்கள் மறுத்துக் கலகம் செய்து, அரண்மனையைக் கொளுத்தினார்கள் என்கிறது சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல். அரசன் தலைவர்களைக் கொடுமையாகத் தண்டித்தான். ஆனால் அவன் இறந்த பிறகு, புத்தரின் தந்தத்தாதுவைக் காக்கும் பொறுப்பு அதே வேளைக்காரரிடம்தான் வந்தது. அவர்கள் அதை ஏற்றுத் தமிழில் கல்வெட்டு எழுதி நட்டார்கள். வளஞ்சியர், நகரத்தார் என்ற வணிகக் குழுவினரும் கூடியிருக்க, தாதுக்கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி என்று தங்கள் பெயரையே சூட்டினார்கள். பள்ளியின் ஊர்களையும் ஊழியரையும் அங்கே அடைக்கலம் புகுந்தவரையும், தங்களுக்குக் கேடு வந்தாலும், தங்கள் வம்சம் உள்ளவரை காப்போம் என்று உறுதி சொன்னார்கள். புத்தருக்காகத் தமிழில் செய்த இந்தச் சத்தியத்தை விட, தமிழர் கதை தொடர்ந்ததற்குப் பெரிய சான்று இந்த நகரில் இல்லை என்பேன்.

அந்தக் கல் நகரின் புனித வளாகமான தலதா மளுவையில், தாதுக்கோயிலாக இருந்த அட்டதாகேயின் பக்கத்தில் நிற்கிறது. கிரந்தம் கலந்த எழுத்துதான். ஆனாலும் ஒரு ‘க’வையோ ‘ப’வையோ கண்டுபிடித்துவிட்டால் பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். அதே மளுவையில் பிற்கால மன்னன் நிஸ்ஸங்கமல்லன் வைத்த கல்பொத்த என்ற பெரிய கல்வெட்டு கிடக்கிறது, 26 அடிக்கு மேல் நீளம். கூட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான். அங்கேயே வட்டதாகே என்ற வட்டக் கோயிலின் வாசற்படியில் உள்ள சந்திரவட்டக்கல்லையும் பாருங்கள். அநுராதபுரத்துக் கற்களில் இருக்கும் எருது இதில் இல்லை. சைவர் வணங்கும் நந்தியை மிதிக்கக்கூடாது என்றுதான் விட்டுவிட்டார்கள் என்று பலர் விளக்குவார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

1982இல் யுனெஸ்கோ இந்த நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சிவன் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். வேளைக்காரர் கல்லுக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்கச் சொல்லிக் கொடுங்கள்.