தெருவோரத்தில் நின்றவர்கள்

சட்டம் இயற்றுவது எளிது. அது மீறப்பட்டதை மெய்ப்பிப்பது அரிது. மோட்டார் வண்டியின் வேகத்தைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை முற்றும் பொருந்தும். களவு நடந்தால் வீட்டில் ஒரு பொருள் குறைகிறது. கைகலப்பு நடந்தால் உடலில் காயம் இருக்கிறது. வேகமோ கண்ணெதிரே தோன்றிக் கண்ணெதிரே மறையும் குற்றம். புழுதி அடங்கியபின் அதற்குத் தடயம் இல்லை. ஆகவே, வண்டிகளின் வேகத்துக்கு எல்லை வகுத்த நாடுகள் எல்லாம், அந்த எல்லையைக் காக்கத் தெருவோரத்தில் நிற்பவர் யார் என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் இவ்விடை எவ்வாறு வந்தது என்பதை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அந்நாட்டை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே பொதுமக்களுள் ஒரு சாரார் முதன்முதல் ஆள் வைத்துச் சாலையோரத்தைக் காவல் காத்தது வேகத்தைத் தடுப்பதற்காக அன்று. வேகமாய் வருவோரைப் போலீசார் கையில் அகப்படாமல் காப்பதற்காக!

பெட்ரோல் வண்டி பிறப்பதற்கு முன்பே இக்கதை தொடங்குகிறது. நீராவியால் இயங்கும் பாரவண்டிகள் சாலையில் ஓடிய காலத்தில், 1865-ஆம் ஆண்டில், பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல், அதற்குமேல் போகலாகாது. வண்டிக்கு மூவர் வேண்டும். அவருள் ஒருவர் 60 கஜம் முன்னால் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவேண்டும். இதைக் கேட்டு இன்று நாம் நகைக்கிறோம். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னே ஒருவர் நடக்கும்போது பின்னே வரும் வண்டி அவருடைய நடையை மிஞ்ச முடியாது. கடிகாரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். மனிதனின் கால்களே வேகத்துக்கு அளவுகோல். 1878-இல் கொடியின் கட்டாயம் நீங்கியது. முன்னே நடப்பவர் மட்டும் 1896 வரை நீங்கவில்லை.

அந்த 1896-ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. சனவரி மாதத்தில் கெண்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வழியே வால்டர் ஆர்னால்டு என்பவர் தம் மோட்டார் வண்டியை மணிக்கு 8 மைல் வேகத்தில் ஓட்டிச் சென்றார். ஊர்க்காவலர் ஒருவர் சைக்கிளில் ஏறி ஐந்து மைல் தொலைவு துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகத்துக்காக விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். சாலைகளில் நம் காலத்து வண்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வேடிக்கைக் கதை. அதே ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் நடந்ததோ வேடிக்கை அன்று. இலண்டனில் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பிரிஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி உயிர் துறந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டியால் மாண்ட முதல் வழிநடையாளராக அவரை வரலாறு குறிக்கிறது. மரண விசாரணையில், வண்டி மிக மெதுவாகவே வந்தது என்றார் ஓட்டியவர். பாய்ந்து வந்தது என்றனர் கண்டவர் சிலர். எவர் சொல்வதை ஏற்பது? விபத்து என்று முடிவாகி, வழக்கு அத்துடன் நின்றது.

அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எல்லையை 14 மைலாக உயர்த்தியது. நிர்வாக விதிகள் அதனை 12 ஆகக் குறைத்தன. பின்னர் வந்த 1903-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டமே இன்றைய ஒழுங்குகளுக்கு வித்து. எல்லை 20 மைல் ஆயிற்று. ஊராட்சியார் வேண்டினால் குறிப்பிட்ட இடங்களில் 10 மைல் என்று குறைக்கவும் வழி இருந்தது. 1904 சனவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வண்டியும் பதிவு எண் தாங்க வேண்டியதாயிற்று. இன்னொரு விதியையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இவ்வளவு வேகம் இருக்கும் என்று தாம் கருதுவதாக ஒரே ஒரு சாட்சி கூறுவதை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என்று அச்சட்டம் கூறிற்று. டிரிஸ்கால் அம்மையாரின் விசாரணையில் கண்ட குழப்பத்தை நினைத்துப் பார்த்தால், இவ்விதியின் தேவை விளங்கும்.

ஒருவர் கருத்து போதாது என்றால், அளந்தாக வேண்டும். போலீசார் அளந்தனர். சாலையில் ஒரு நீளத்தைக் குறித்துக்கொண்டு, இரு முனைகளிலும் புதர்வேலிக்குப் பின்னே காவலர் மறைந்திருப்பர். வண்டி முதல் முனையைக் கடந்ததும் ஒரு சைகை, நொடி காட்டும் கடிகாரம் ஓடத் தொடங்கும், மறுமுனையில் நிற்கும். கணக்கு எளிது. 220 கஜம் என்பது மைலில் எட்டில் ஒரு பங்கு. மணிக்கு 20 மைல் செல்லும் வண்டி அதைக் கடக்க இருபத்திரண்டரை நொடி ஆகும். பதினைந்து நொடியில் கடந்தால் வேகம் 30 மைல். ஆனால் சைகையைக் கண்டு கடிகாரத்தை அழுத்தும் கை ஒரு நொடி பிந்தினாலும் முந்தினாலும் முடிவு மாறிவிடும். குற்றவாளி ஆக்கப்பட்ட கனவான்கள் இதைச் சொல்லியே நீதிமன்றத்தில் வாதாடினர். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை.

வாதாடியதோடு அவர்கள் அமையவில்லை. 1905-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இலண்டன் உணவு விடுதி ஒன்றில் கூடி, ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்னும் சங்கத்தை நிறுவினர். அதன் முதல் வேலை, பிரைட்டன் சாலை போன்ற வழிகளில் சைக்கிளில் சாரணரை அனுப்பிப் போலீசார் மறைந்திருக்கும் இடங்களைக் கண்டறிவதும், உறுப்பினர் வரும்போது எச்சரிப்பதும் ஆகும். வேலிக்குப் பின்னே சட்டம் ஒளிந்திருந்தது. வேலிக்கு முன்னே, சட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் சாரணன் நின்றான்.

இது குற்றமா என்ற கேள்வி உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1907-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள பாஸ்டபிள் எதிர் லிட்டில் என்னும் வழக்கில், எச்சரிக்கப்பட்ட வண்டிகள் அப்போது எல்லை மீறி வந்தன என்பதற்குச் சான்று இல்லை; எனவே காவலர் கடமைக்கு இடையூறு நேர்ந்ததாகக் கொள்ள இயலாது என்று தீர்ப்பாயிற்று. சங்கத்தார் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. 1910-ஆம் ஆண்டு அறிக்கைகளில் உள்ள பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில், ஏற்கெனவே எல்லை மீறி வந்துகொண்டிருந்த வண்டிகளை எச்சரித்து வேகம் குறைக்கச் செய்தது இடையூறே எனத் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் பிரபு முதலியோர் முடிவு செய்தனர்.

சங்கத்தார் சளைக்கவில்லை. சாலையில் நிற்கும் சாரணன், சங்கத்தின் முத்திரை தாங்கி வரும் வண்டியைக் கண்டால் சலாம் வைப்பது வழக்கம். அவன் சலாம் வைக்காவிட்டால், வண்டியை நிறுத்திக் காரணம் கேட்கவேண்டும் என்று உறுப்பினருக்கு அறிவுரை தரப்பட்டது. அறிவுள்ள உறுப்பினர் பொருளை உணர்ந்துகொண்டனர். ஒருவன் கையை உயர்த்தியதற்காக அவனைத் தண்டிக்கலாம். உயர்த்தாமல் சும்மா நின்றதற்காக எந்த நீதிபதி தண்டிப்பார்? மனித அறிவின் சாமர்த்தியத்தை எண்ணி வியக்கும்போதே, அச்சாலையோரக் கிராமங்களில் வாழ்ந்தவர்களுக்காக ஒரு சாரணனும் நிற்கவில்லையே என்ற எண்ணமும் எனக்கு எழாமல் இல்லை. வண்டி வைத்திருந்தோர் செல்வர். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தனர். புழுதியை உண்டவர்களுக்கு எதுவும் இல்லை. நடுநிலையாகச் சொல்லவேண்டுமானால், அதே சங்கந்தான் பின்னர் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைப் பலகைகளையும் ஊர்ப்பெயர்ப் பலகைகளையும் சாலைகளில் நட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நடந்து செல்வோருக்கென ஒரு சங்கம் தோன்றியது 1929-ஆம் ஆண்டில்தான்.

20 மைல் எல்லையை ஒருவரும் மதிக்கவில்லை. மதிக்கப்படாத சட்டம் இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல் என்று கருதி, 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறு மோட்டார் வண்டிகளுக்கு வேக எல்லையையே நீக்கிவிட்டனர். விளைவு யாது? 1934-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழச் சரிபாதி நடந்து சென்றவர்கள். அன்று அந்நாட்டில் ஓடிய வண்டிகள் 24 இலட்சத்தளவே. நான்கு கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும் காலத்தில், 2023-ஆம் ஆண்டில், அங்கே சாலையில் மாண்டவர் 1,624 பேர் என்பதை இதனோடு ஒப்பிட்டால் அக்காலத்தின் கொடுமை புலனாகும்.

எல்லையை மீண்டும் கொண்டுவரும் மசோதா பார்லிமெண்டில் விவாதிக்கப்பட்டபோது, மூர்-பிரபசான் என்னும் உறுப்பினர் அதை எதிர்த்தார். பிரிட்டனில் முதல் விமானி உரிமம் பெற்றவர் அவர். மோட்டார் புதிதாய் வந்த காலத்தில் எத்தனையோ கோழிகளைக் கொன்றோம். இன்று நாய்கள்கூட விலகிக்கொள்ளக் கற்றுவிட்டன. மக்களும் பழகிக்கொள்வர், எல்லாம் தாமே சீராகும் என்னும் பொருள்பட அவர் பேசினார். அவர் பேச்சை நான் முதலில் படித்தபோது, சினத்தைவிட வியப்பே மேலிட்டது. சாலை யாருக்கு உரியது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. வீட்டு வாயிலில் நிற்கும் குழந்தை வண்டிக்குப் பழகவேண்டும். வண்டி குழந்தைக்குப் பழகவேண்டியதில்லை.

பார்லிமெண்டு அவர் கருத்தை ஏற்கவில்லை. 1935 மார்ச் 18 முதல், மக்கள் குடியிருக்கும் பகுதிகளில் 30 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது. குடியிருப்புப் பகுதி என்பதை எப்படி அறிவது? 200 கஜத்துக்கு மேற்படாத இடைவெளியில் தெருவிளக்குகள் அமைந்த சாலை குடியிருப்புச் சாலை எனக் கொள்ளப்பட்டது. விளக்கு உள்ள இடத்தில் வீடு உண்டு. வீடு உள்ள இடத்தில் வேகம் கூடாது. இதைவிட எளிய இலக்கணம் வேறு வேண்டுமா? அவ்வாண்டில் மாண்டோர் தொகை 6,502 ஆகக் குறைந்தது. 1938-இல் சில தெருக்களை வண்டிகளுக்கு அடைத்துக் குழந்தைகள் விளையாட விடுவதற்கும் சட்டம் வழி செய்தது. அவ்வாண்டிலேயே லங்காஷயர் முதலிய சில வட்டாரங்களில், பிழை செய்தவரை உடனே வழக்கில் மாட்டாமல், அழைத்து அறிவுரை கூறும் போலீஸ் ரோந்து ஒன்றையும் சோதித்துப் பார்த்தனர். அந்த அறிவுரை முறை பின்னர் வேறோர் உருவில் திரும்பி வந்தது.

1950-களின் இறுதியில் ராடார் கருவி போலீசார் கைக்கு வந்தது; பின்னர்க் கையில் ஏந்தத்தக்க சிறு கருவியாயிற்று. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. இங்கேதான் ஊரார் முன்வந்தனர். சமூக வேகக் காவல் என்ற பெயரில் அண்மைப் பத்தாண்டுகளில் பரவிய முறை இது. ஓய்வு பெற்ற ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசி எனப் பலதிறத்தாரும் இதில் சேரலாம். போலீசார் பயிற்சி தருவர். நிற்கவேண்டிய இடத்தையும் அவர்களே முன்னதாக ஆய்ந்து ஒப்புவர். தொண்டர்கள் சிலராகச் சேர்ந்து, தொலைவிலிருந்தே தெரியும் ஒளிர்மஞ்சள் மேற்சட்டை அணிந்து நிற்பர். ஒருவர் கருவியில் வேகத்தைப் படிப்பார்; ஒருவர் வண்டியின் எண்ணைக் கூறுவார்; ஒருவர் நேரம், வண்டியின் வகை, நிறம் ஆகியவற்றைத் தாளில் எழுதுவார். 1904-இல் வண்டியில் ஏறிய அந்த எண் பலகை இல்லையேல் இவர்கள் பணி நடவாது. ஒருவர் கருத்தை மட்டும் நம்பலாகாது என்ற பழைய விதியின் நிழலும் இந்த ஏற்பாட்டில் விழுந்திருப்பதைக் காணலாம்.

இவர்களுக்கு வண்டியை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அபராதம் விதிக்கவும் உரிமை இல்லை. குறிப்புகள் போலீசாருக்குப் போகும். அவர்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வண்டியின் உரிமையாளருக்கு அறிவுரைக் கடிதம் எழுதுவர். அதே வண்டி மீண்டும் மீண்டும் பட்டியலில் வருமானால், காவலர் வீட்டுக்கு வந்து பேசுவார். போலீசார் தாமே அந்த இடத்தில் வந்து நிற்கவும் கூடும். 30 மைல் சாலையில் போலீசார் பொதுவாக 35-ஐத் தொட்ட வண்டிகளின்மீதே நடவடிக்கை எடுப்பர். தொண்டர் பட்டியலும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைகிறது.

இம்முறையை இகழ்வோர் உண்டு. அண்டை வீட்டாரை வேவு பார்க்கும் வேலை இது என்பர். தொண்டரைப் பார்த்து வசை பொழிந்து செல்லும் ஓட்டுநரும் உளர். இதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. குடிமகன் குடிமகனைக் கண்காணிக்கும் வழக்கம் எல்லை கடந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றில் கசப்பான சான்றுகள் பல உண்டு. ஆயினும் எனக்கு ஒரு வேறுபாடு தெரிகிறது. வேவுகாரன் ஒளிந்திருப்பான், இவர்கள் ஒளிவதில்லை. வேலிக்குப் பின் ஒளிந்த பழைய காவலரைப் போலன்றி, ஒளிர்மஞ்சள் சட்டையோடு முன்னே நிற்கிறார்கள். அவர்களைத் தொலைவிலேயே கண்டு ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துவிட்டால், பட்டியலில் எழுத ஒன்றும் இராது. அதை அவர்கள் தோல்வியாகக் கருதுவதில்லை.

எல்லையும் நிலையாக நிற்கவில்லை. 1991-இல் ஷெபீல்டு, நாரிச், கிங்ஸ்டன் ஆகிய ஊர்களில் சில குடியிருப்புப் பகுதிகள் 20 மைல் மண்டலங்களாக்கப்பட்டன. 20 என்பது ஏறத்தாழ 32 கிலோமீட்டர். 30 என்பது 48. வேற்றுமை சிறிதென்று தோன்றலாம். பௌதிகம் பயிலும் மாணவர் அப்படி எண்ணமாட்டார். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதை அவர் அறிவார். பிரிட்டனின் சாலை விதி நூல் தரும் கணக்குப்படி, 20 மைலில் வரும் வண்டி 12 மீட்டரில் நின்றுவிடும். 30-இல் 23 மீட்டர், 40-இல் 36 மீட்டர் வேண்டும். பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஒன்று 15 மீட்டர் தொலைவில் தெருவில் இறங்கினால், முதல் வண்டி அதற்கு முன்னே நின்றுவிடும். மற்ற இரண்டும் நில்லா.

2023 செப்டம்பர் 17-ஆம் நாள் வேல்ஸ் நாட்டு அரசு, தெருவிளக்குள்ள குடியிருப்புச் சாலைகளின் பொது எல்லையையே 30-இலிருந்து 20 ஆகக் குறைத்தது. எதிர்ப்பு மூண்டது, நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை நீக்கக் கோரும் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். அடுத்த ஆண்டில், தக்க காரணம் உள்ள சாலைகளை ஊராட்சிகள் மீண்டும் 30-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு புது வழிகாட்டி வெளியிட்டது. அதே காலத்தில், முந்தைய ஆண்டைவிட அச்சாலைகளில் அடிபட்டோர் தொகை குறைந்திருப்பதை அரசின் புள்ளிவிவரங்கள் காட்டின. எந்தத் தெரு 20-இல் நிற்பது, எது 30-க்குத் திரும்புவது என்று ஊர் ஊராக வாதம் எழுந்தது. வாதித்தவர்களுள் வண்டி ஓட்டுவோரும் இருந்தனர், அத்தெருவில் குடியிருப்போரும் இருந்தனர்.