நோட்ர டேம் பாதிரியார்

பெரிய கண்டுபிடிப்பெல்லாம் பெரிய சர்வகலாசாலைகளில்தான் பிறக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து நோட்ர டேம், 1904-இல் பெயரளவில்தான் சர்வகலாசாலை. உண்மையில் பாதிரிமார் நடத்திய சிறு கல்லூரி. அவ்வாண்டு அங்கே ஆசிரியராக வந்தார் ஜூலியஸ் நியூலாண்ட் பாதிரியார். போதித்தது தாவர சாஸ்திரம். மனம் போனதோ அசட்டிலின் வாயுவின் பின்னால். செடிகொடி, வண்டு, பறவை ஆராய்ச்சிகளுக்கென்று 1909-இல் அவர் தொடங்கிய பத்திரிகை இன்றும் வெளிவருகிறது.

ரசாயனக் கதைதான் விசித்திரம். வாஷிங்டனில் மாணவராக இருந்தபோது அசட்டிலினையும் ஆர்ஸெனிக் குளோரைடையும் சேர்த்துப் பார்த்தார். பிறந்தது கொடிய நஞ்சு. போதுமடா சாமி என்று அதைக் கைகழுவினார். ஆனால் எழுதிய கட்டுரை நூலகத்தில் இருந்ததே! முதல் உலக யுத்தத்தில், 1918-இல், அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தூசி தட்டி எடுத்து ‘லூயிசைட்’ என்னும் விஷ ஆயுதம் செய்தார்கள். அது களத்துக்குப் போகுமுன் யுத்தம் ஓய்ந்தது.

பாதிரியார் அசட்டிலினை விடவில்லை. செப்பு உப்பின் உதவியால் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதை 1925-இல் ஒரு சபையில் விவரித்தார். கேட்டவர்களில் டூபான்ட் கம்பெனிக்காரரும் ஒருவர். அந்த வழியே போய், எண்ணெய் பட்டாலும் எளிதில் கெடாத செயற்கை ரப்பரைக் கம்பெனி 1931-இல் அறிவித்தது. அதுதான் நியோப்ரீன்.

வறுமை விரதம் பூண்ட அவர் 1936-இல் காலமானார். அவர் கொடுத்ததை உலகம் எடுத்துக்கொண்டது. வேண்டாமென்று விட்டதையும் எடுத்துக்கொண்டது. எழுதிய ஏடு எழுதியவன் பேச்சைக் கேட்பதில்லை. கதை எழுதுகிறவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான்.