வெற்றிடத்துக்கு ஓர் எண்

அளவீடுகளைத் தாளில் எழுதிவைத்த காலத்தில், கருவி பழுதாகியோ பதிவாளர் வராமலோ போன நாளுக்குரிய கட்டத்தில் ஒரு சிறு கோடு இட்டாலே போதுமானதாக இருந்தது. அது சுழியம் அன்று, அளவீடே இல்லை என்பதைப் படிப்பவர் ஐயமின்றி உணர்ந்துகொண்டார். 1928இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 80 பத்தித் துளை அட்டைக்கும், 1957இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழிக்கும் தரவுகள் குடிபெயர்ந்தபோது அந்தக் கோடு தொலைந்துபோயிற்று. தொடக்ககால ஃபோர்ட்ரான், எண்ணுக்கென ஒதுக்கிய இடத்தில் துளையில்லாத பத்திகளைச் சுழியமாகவே படித்தது. 1977ஆம் ஆண்டுத் தரநிலை இலக்கங்களுக்கு இடையிலான வெற்றிடத்தைப் புறக்கணிக்க வழி செய்தது என்றாலும், ஓர் எண்ணின் இடம் முழுவதும் வெறுமையாக இருந்தால் அதன் மதிப்பு சுழியமே என்ற விதியை விட்டுவிடவில்லை. மழை அளக்கப்படாத நாளும் மழையே பெய்யாத நாளும் இவ்வாறு ஒன்றாயின.

இதற்குப் பரிகாரமாக வேரூன்றியதே, உண்மையில் நிகழ முடியாத ஓர் எண்ணை வெற்றிடத்தின் குறியாக நிறுத்தும் வழக்கம். -99, -999, -9999 என இக்குறியெண்கள் துறைக்குத் துறை பெருகின. எது நிகழ முடியாதது என்பது அளக்கப்படும் பொருளைப் பொறுத்தது: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டமிட்ட தரவுகளில் வெப்பநிலைக்கு 99.9 என்றும் மழைக்கு -999 என்றும் குறியெண்கள் வேறுபடுகின்றன. 99.9 டிகிரி செல்சியஸ் எந்த ஊரிலும் பதிவாகாது. ஆனால் ஒரே நாளில் 99.9 மில்லிமீட்டர் மழை சென்னைக்குப் புதிதன்று.

1985இல் ஏற்கப்பட்ட ஐஈஈஈ 754 தரநிலை, கணினி அறிவியலாளர் வில்லியம் கஹானின் பெரும்பங்களிப்புடன், 'எண் அன்று' எனப் பொருள்படும் 'நேன்' என்னும் தனி மதிப்பை மிதவைப் புள்ளி எண்களுக்கு, அதாவது தசமப் பகுதியுடன் கணினி சேமிக்கும் எண்களுக்கு, வழங்கியது. தனக்குத் தானே சமமாகாத இம்மதிப்பு, தான் நுழைந்த கூட்டலையும் சராசரியையும் 'நேன்' ஆக்கிவிடுவதால் பிழை மறைந்திருக்க இயலாது. முழு எண்களுக்கோ இத்தகைய ஏற்பாடு இல்லை. இடம் மிச்சப்படுத்தத் தரவுகளை 16 பிட் முழு எண்களாகச் சுருக்கி வைக்கும் கோப்புகளில் குறியெண்ணே நீடித்தது.

1980களின் இறுதியில் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள யூனிடேட்டா என்னும் அமைப்பு உருவாக்கிய நெட்சிடிஎஃப் கோப்பு வடிவம், குறியெண் எது என்பதைக் கோப்புக்குள்ளேயே அறிவிக்க வைத்தது. அவ்வறிவிப்பு இரண்டு பெயர்களில் அமைந்ததுதான் குழப்பத்தின் தோற்றுவாய்: 'ஃபில் வேல்யூ' என்பது எழுதப்படாத இடங்களை நெட்சிடிஎஃபின் நிரல் நூலகமே முன்கூட்டி நிரப்பும் எண், 'மிஸ்ஸிங் வேல்யூ' என்பது தரவை உருவாக்கியவர் தெரிந்தே இட்ட எண், ஒன்றை மட்டும் பார்க்கும் நிரல் மற்றதை உண்மை அளவீடாக எடுத்துக்கொள்ளும். அறிவிப்பின் எண்வகை தரவின் எண்வகையோடு பொருந்தாதபோது நேரும் பிழை இன்னும் நுட்பமானது. -9999.9 என்பதை 32 பிட்டில் சேமித்தால் அது -9999.900390625 ஆகிறது, 64 பிட்டில் எழுதிய -9999.9 உடன் ஒப்பிட்டால் இரண்டும் சமமல்ல என்றே கணினி விடை தரும். சுருக்கிய தரவை விரிக்கும் வரிசை பிசகினாலோ கேடு கண்ணுக்கே தெரியாது: 0.001ஆல் பெருக்கி 25ஐக் கூட்ட வேண்டிய கோப்பில் -32767 என்ற குறியெண்ணை முதலில் நீக்காவிட்டால், அது -7.767 டிகிரி என்ற, குளிர்நாடொன்றில் எவரும் ஐயுறாத வெப்பநிலையாக மாறிவிடும்.

ஐயத்துக்குரியதை இல்லாததாக நடத்துவது இதன் மறுபக்கம். நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் ஓசோன் தரவுகளில் 180 டாப்சன் அலகுக்கு (ஓசோன் அளவின் அலகு) குறைந்தவை ஐயத்துக்குரியவை எனத் தானாகவே குறியிடப்பட்டன. அண்டார்டிகாவின் ஓசோன் இழப்பை 1985இல் முதலில் வெளியிட்டவர்களோ தரைநிலையக் கருவியை நம்பிய ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகியோர். கணினி அந்தச் செயற்கைக்கோள் தரவுகளை எறிந்துவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. அவை குறியோடு பத்திரமாகவே இருந்தன.

பைத்தான் மொழியின் நம்பை நூலகத்திலுள்ள மறைப்பு அணி, ஒவ்வோர் எண்ணுக்கும் 'உண்டு, இல்லை' என்ற தனிக் குறிப்பை அருகிலேயே வைத்துத் தாளிலிருந்த கோட்டை ஒருவாறு மீட்டது. ஆயினும், கோப்பில் -9999 இருந்து அதை அறிவிக்கும் குறிப்பு விடுபட்டிருந்தால் எந்த நூலகத்தாலும் அதை அறிய இயலாது என்பதால், புதிய கோப்பைத் திறந்தவுடன் அதன் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் அச்சிட்டுப் பார்க்கும் வழக்கம் இன்றும் கைவிடப்படவில்லை.