களனி கங்கையும் இராமானுஜம் கப்பலும்

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில், களனி கங்கையின் சீற்றத்தில் இறப்பர்ப் படகு செலுத்தி மகிழ இன்று வெளிநாட்டவர் பலர் வருகின்றனர். 1957இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படம் இவ்வாற்றங்கரையிலேயே படமாக்கப்பட்டது.

சப்ரகமுவத் தோட்டத் தமிழர் வரலாற்றிலும் படகுண்டு; உல்லாசம்தான் இல்லை. முன்னோர் வேலை தேடிப் பாக்கு நீரிணையைத் தோணிகளில் கடந்தனர். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்தவரும் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறினர். 1984இல் அச்சேவையும் நின்றது.

அவர்களுட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். ஆயினும் அரச ஏடுகள் அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றே பதிந்தன.